கடுகில் இல்லாத காரம்: தாவர வேதிப்பொருட்கள், ஓர் எளிய அறிமுகம்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்கிறோம். வேதியியல்படி பார்த்தால் முழுக் கடுகில் அந்தக் காரமே கிடையாது. சந்தேகம் இருந்தால் கால் தேக்கரண்டிக் கடுகை வாயில் போட்டு, மெல்லாமல் வைத்திருந்து பாருங்கள். ஒன்றும் தெரியாது. மென்றால் முதலில் லேசான கசப்பு. சில நொடிகள் கழித்துத்தான் மூக்குக்குள் சுரீரென்று ஏறும். அந்தச் சில நொடிகளில்தான் காரம் பிறக்கிறது.

கடுகு விதைக்குள் சினிகிரின் என்ற பொருள் ஓரிடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி (என்சைம்) வேறிடத்திலும் இருக்கின்றன. விதை உடைந்து ஈரம் பட்டால் இரண்டும் கலக்கும். அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காட்டமான பொருள் உருவாகும். ஜப்பானியர்கள் மீனோடு தொட்டுக்கொள்ளும் வசாபியின் காட்டத்துக்கும் இதுவே காரணம். விதையைக் கடிக்க வரும் பூச்சியை விரட்டுவதற்காகச் செடி செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்டால், வெடித்து முடிப்பதற்குள் அந்த நொதி வெப்பத்தில் செயலிழந்துவிடும். அதனால்தான் தாளித்த கடுகு காரமில்லாமல் மணக்க மட்டும் செய்கிறது. பச்சையாகப் பொடித்துச் சேர்த்த ஆவக்காய் ஊறுகாயோ ஆளையே உலுக்குகிறது. பழமொழி ஊறுகாய்க்குச் சரி, தாளிப்புக்குச் சரியில்லை.

விதை ஒன்றுதான். செய்முறை மாறினால் உடலுக்குள் போகும் பொருளே மாறிவிடுகிறது. தானியங்கள், மசாலாப் பொருட்களின் மருத்துவக் குணங்களைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். எதில் என்ன இருக்கிறது என்ற பட்டியலுக்குப் பஞ்சமே இல்லை. அதில் எவ்வளவு நம் உடலுக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு.

செடி யாருக்காகச் செய்கிறது?

செடியால் ஓட முடியாது, அடிக்க முடியாது. பூச்சி, பூஞ்சை, மேயும் விலங்கு, சுட்டெரிக்கும் புற ஊதாக் கதிர் என எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதற்காக அது ஆயிரக்கணக்கான சிறு மூலக்கூறுகளைத் தயாரிக்கிறது. சில எதிரியை விரட்டுகின்றன, சில கிருமியைக் கொல்கின்றன, சில வெயிலைத் தடுக்கின்றன, சில மகரந்தம் பரப்ப வண்டுகளை அழைக்கின்றன. இவற்றைத்தான் பொதுவாகத் தாவர வேதிப்பொருட்கள் அல்லது பைட்டோகெமிக்கல்கள் என்கிறார்கள். நம் நலனுக்காக எந்தச் செடியும் எதையும் தயாரிப்பதில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால், பிறகு வரும் பல குழப்பங்கள் தானாகவே விலகும்.

இவை வைட்டமின்கள் அல்ல. வைட்டமின் குறைந்தால் குறிப்பிட்ட நோய் வரும். 1890-களில் ஜாவா தீவில் இருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துவிடுவதையும், தவிட்டோடு கொடுத்தால் தேறிவிடுவதையும் கவனித்தார். தவிட்டில் இருந்தது தயமின் என்ற வைட்டமின் பி1 என்பது பின்னாளில் தெரிந்தது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது. மஞ்சளே சாப்பிடாமல் ஒருவர் வாழ்நாள் முழுக்க இருந்தாலும் அப்படி எந்தக் குறைபாட்டு நோயும் வராது. தாவர வேதிப்பொருட்கள் இல்லாமல் உயிர் வாழலாம். இருந்தால் நீண்ட காலத்தில் சில நன்மைகள் உண்டா என்பதுதான் ஆராய்ச்சிக்கு உரிய கேள்வி.

இவற்றைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. கண், மூக்கு, நாக்கு போதும். அடர்ந்த நிறம் இருந்தால் பெரும்பாலும் பாலிஃபீனாலோ கரோட்டினாய்டோ இருக்கும். மல்லி, ஏலக்காய் போன்றவற்றின் மணம் டெர்பீன் வகையைச் சேர்ந்தது. கேழ்வரகின் லேசான துவர்ப்பில் டானின் இருக்கிறது. மிளகின் காரம் பெப்பரின் என்ற அல்கலாய்டு. மிளகாயின் காரம் கேப்சைசின். பூண்டு, வெங்காயம், பெருங்காயம் ஆகியவற்றின் நாற்றம் கந்தகச் சேர்மங்களால் வருவது. (பெருங்காயத்தின் வாடையை மணம் என்று எழுதக் கை வரவில்லை, பிரியர்கள் மன்னிக்கவும்.)

நசுக்குவதும் காயவைப்பதும்

கடுகில் நடப்பதே பூண்டிலும் நடக்கிறது. முழுப் பல்லை முகர்ந்தால் வாடை அவ்வளவாக இருக்காது. நசுக்கியதும் அலியின் என்ற பொருளும் அலினேஸ் என்ற நொதியும் சேர்ந்து அல்லிசினை உண்டாக்கும். கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் கொண்ட இந்த அல்லிசினை 1944-இல் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். முழுப் பல்லாகக் குழம்பில் போட்டு வேகவைத்தால் நொதி முதலில் செத்துவிடும். பூண்டுக் குழம்பில் பல் வெண்ணெய் போல இனிப்பாக இருப்பது அதனால்தான். எலிகளில் நடத்திய ஓர் ஆய்வில், பூண்டை நசுக்கி 10 நிமிடம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு சூடாக்கியபோது, நசுக்கியவுடன் சூடாக்கியதைவிட அதன் பாதுகாப்புத் திறன் கூடுதலாக எஞ்சியது. எலிக்கு நடந்தது மனிதருக்கு அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ரசத்துக்குப் பூண்டைத் தட்டி வைத்துவிட்டுத் தக்காளியைக் கரைக்கப் போவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இஞ்சி கதை வேறு. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருவது. இஞ்சி காயும்போது ஜிஞ்சரால் மூலக்கூறு ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் ஜிஞ்சராலைவிடக் காரமானது. சுக்குக் காபி தொண்டையில் இறங்கும்போது இஞ்சித் தேநீரைவிடக் கூடுதலாக எரிவதற்கு இதுவே காரணம். சுக்கையும் இஞ்சியையும் சித்த மருத்துவம் இரண்டு சரக்குகளாகவே நடத்துகிறது. வேதியியலும் அதை ஒப்புக்கொள்ளும். குமட்டலுக்கு, குறிப்பாகக் கர்ப்பகாலக் குமட்டலுக்கு, இஞ்சி உதவுகிறது என்பதற்கு மனிதர்களில் நடந்த ஆய்வுகளின் ஆதரவு ஓரளவு நன்றாகவே இருக்கிறது. மசாலாப் பொருட்களில் இப்படிச் சொல்லக்கூடியவை குறைவு.

மிளகாயைப் பற்றி ஒரு வரி. கேப்சைசின் நாக்கைச் சுடுவதில்லை. சூட்டை உணரும் நரம்பு வாயிலைத் திறந்துவிட்டு, சுடுவதாக மூளையை நம்பவைக்கிறது. அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பறவைகளின் அதே நரம்பு வாயில் கேப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. அதனால் கிளி மிளகாய்ப் பழத்தைக் கவலையில்லாமல் கொத்தும், விதையும் ஊர் ஊராகப் பரவும்.

மஞ்சள்: புகழும் கணக்கும்

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். இவ்வளவு புகழ் வேறெந்தச் சரக்குக்கும் இல்லை. இவ்வளவு மிகைப்படுத்தலும் இல்லை.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் 1815-இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் குணத்தை ஆரத்தித் தட்டிலேயே பார்க்கலாம். மஞ்சள் கரைத்த நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டதும் நீர் இரத்தச் சிவப்பாகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை (நாக்கின் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான குணம்) குர்குமினின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. வெள்ளைச் சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதும் இதே வேதிவினைதான். கறை போகாமல் அடம்பிடிக்கும் துணியை வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் வெளுத்துவிடும், ஏனென்றால் குர்குமின் வெளிச்சத்தில் சிதையும்.

ஆக, இது நிலையில்லாத பொருள். இரத்தத்தின் காரத்தன்மைக்கு நெருக்கமான ஒரு கரைசலில், உடல் வெப்பமான 37 டிகிரியில் வைத்தபோது, அரை மணி நேரத்தில் சுமார் 90 சதவீதக் குர்குமின் சிதைந்துபோனதாக 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். குடலும் கல்லீரலும் அதை வேண்டாத விருந்தாளியாகக் கருதி, உள்ளே வந்த வேகத்திலேயே முத்திரை குத்தி வெளியே அனுப்பிவிடுகின்றன.

அளவையும் பார்ப்போம். மஞ்சள்தூளில் குர்குமின் வகைப் பொருட்கள் ஏறத்தாழ 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் என்று வைத்துக்கொண்டால் 90 மில்லிகிராம். அதைப் போட்ட சாம்பாரை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 20 மில்லிகிராம் சொச்சம். மனிதர்களில் நடக்கும் ஆய்வுகளில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் முதல் 2 கிராம் வரை. ஆகவே 'மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும்' என்று செய்தி வரும்போது, அது ஆய்வகக் கிண்ணத்தில் செல்கள்மீது ஊற்றப்பட்ட குர்குமினா, எலிக்கு ஊட்டப்பட்டதா, மாத்திரையா, சாம்பாரா என்று கேட்டுவிட வேண்டும். குர்குமின் பல ஆய்வகச் சோதனைகளில் பலன் இருப்பது போன்ற பொய்த் தோற்றத்தைத் தரக்கூடிய மூலக்கூறு என்பதை மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் ஒரு நீண்ட மதிப்பாய்வுக் கட்டுரையில் விரிவாகவே எழுதினார்கள்.

புண்ணில் மஞ்சள் பூசுவது வேறு விஷயம். அங்கே பொருள் குடலையும் கல்லீரலையும் கடக்க வேண்டியதில்லை. அந்தப் பயன்பாட்டுக்குத்தான் 1995-இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. இது இந்தியாவின் பழைய வழக்கம் என்று இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டி வாதாட, 1997-இல் அது ரத்தானது.

மிளகு செய்யும் வேலை

1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்து இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கிட்டத்தட்ட எதுவும் இல்லை. அதே குர்குமினோடு 20 மில்லிகிராம் பெப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது உடலுக்குக் கிடைத்த அளவு 2,000 சதவீதம் கூடியது. 20 மில்லிகிராம் பெப்பரின் என்பது ஏழெட்டு மிளகில் இருக்கும் அளவு. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்ற பழமொழிக்காரர்கள் வேறு கணக்கில் சொன்னார்கள் என்றாலும் எண்ணிக்கை நெருங்கித்தான் வருகிறது.

இந்த 2,000 சதவீதம்தான் இன்று மாத்திரை டப்பாக்களின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகிறது. ஏறக்குறைய இல்லாத ஒன்று இருபது மடங்கானாலும் சிறிய அளவுதான் என்பதை யாரும் அச்சிடுவதில்லை. இதைவிட முக்கியமானது, மிளகு இதை எப்படிச் செய்கிறது என்பது. உடலுக்கு அந்நியமான பொருட்களை வெளியேற்றும் குடல், கல்லீரல் நொதிகளின் வேகத்தைப் பெப்பரின் குறைக்கிறது. அந்த நொதிகளுக்குக் குர்குமின் என்றும் மருந்து என்றும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் ஆகியவற்றின் அளவும் இரத்தத்தில் ஏறுகிறது. இந்தக் குணத்தையே பயன்படுத்தி, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் அளவைக் குறைத்து, பெப்பரின் சேர்த்த மாத்திரையை இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்.

மிளகு ரசத்தால் யாருக்கும் கேடு வரப்போவதில்லை. செறிவூட்டிய மாத்திரை அப்படியல்ல. மருந்துகளாலும் சத்து மாத்திரைகளாலும் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆய்வுக் குழு, மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் அறிக்கை தந்தது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். அவர்கள் உட்கொண்ட மாத்திரைகள் சிலவற்றில் பெப்பரினும் இருந்தது.

மருந்தளவுக்கும் சமையலளவுக்கும் உள்ள தூரத்துக்கு வெந்தயம் இன்னொரு சாட்சி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் நீரிழிவு நோயாளிகளின் சர்க்கரை அளவு வெந்தயத்தால் நன்றாகவே குறைந்தது. அவர்களுக்குக் கொடுத்தது கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி, ஒரு நாளைக்கு 100 கிராம். இரவு ஊறப்போட்டுக் காலையில் விழுங்கும் ஒரு தேக்கரண்டி வெந்தயம் 4 கிராம்தான் இருக்கும். ஊறிய வெந்தயத்தின் வழவழப்பு, கேலக்டோமானன் என்ற கரையும் நார்ப்பொருள். அது குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. 4 கிராமால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள் இந்த 100 கிராமை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தானியத்தின் தோல்

தானியங்களில் நாம் தேடும் பொருட்கள் நடுவே இருக்கும் மாவில் இல்லை, தோலில் இருக்கின்றன. எதிரி முதலில் தொடுவது தோலைத்தானே.

கருப்புக் கவுனி அரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அலசிவிட்டு ஊறவைத்தால் நீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். அந்த நீரை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் மற்றதில் சமையல் சோடாவும் சேருங்கள். முதலாவது ரோஜாச் சிவப்பாகும். இரண்டாவது நீலமோ பச்சையோ கலந்த நிறத்துக்குப் போகும். அதில் இருப்பது ஆந்தோசயனின். நாவல் பழத்துக்கும் நிறம் தருவது இதே குடும்பம். குழந்தைகளுக்குச் செய்துகாட்ட இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்காது. பெரியவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: இந்தப் பொருள் நீரில் கரைகிறது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, கஞ்சியையும் வடித்துவிட்டால், அதிக விலை கொடுத்து வாங்கிய கவுனியின் பெருமையில் பாதி சாக்கடைக்குப் போய்விடும். ஊறிய நீரிலேயே வேகவைப்பதுதான் சரி.

கேழ்வரகின் தோல் மாவோடு இறுக ஒட்டியிருக்கும்; அரிசியைப் போல எளிதில் தீட்ட முடியாது. ஆகவே தோலோடு அரைத்தே சாப்பிட்டு வந்திருக்கிறோம். அதன் பாலிஃபீனால்களும், 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும் கால்சியமும் இப்படித்தான் நமக்குத் தப்பிக் கிடைத்தன. வெள்ளையான களி வேண்டும் என்று நைலான் சல்லடையில் மாவைச் சலித்து, மேலே நிற்கும் பழுப்புத் தூளைக் கொட்டுபவர்கள் கொட்டுவது அந்தத் தோலைத்தான். சாமை, குதிரைவாலி, வரகு, தினை ஆகியவற்றில் நிலைமை இன்னும் மோசம். பளபளவென்ற பாக்கெட்டில் பால் வெள்ளையாக இருக்கும் சாமை, தீட்டிய சாமை. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத சிறுதானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கடைக்காரருக்கு அது தலைவலி. 'சிறுதானியம்' என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு அரிசியைப் போன்ற ஒன்றையே வாங்கி வருகிறோம். மங்கலான, பழுப்புச் சாயல் உள்ளதைக் கேட்டு, கொஞ்சமாக வாங்குங்கள்.

தோலில் எல்லாமே நன்மைதான் என்றும் இல்லை. முளைக்கப்போகும் செடிக்காகப் பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் அங்கேதான் இருக்கிறது. அது இரும்பு, துத்தநாகம், கால்சியம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். ஆனால் தானியத்தை ஊறவைத்து முளைகட்டினால், விதையின் சொந்த நொதியே அந்த அமிலத்தை உடைக்கத் தொடங்கிவிடும். புளிக்கவைத்தாலும் குறையும். கேழ்வரகை முளைகட்டிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவதும், மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சுவதும் வேதியியல்படியும் சரியான வேலைகள். அந்தக் கூழைக் குடித்த கையோடு தேநீர் குடிப்பது சரியான வேலை அல்ல. தேநீரின் டானின், கேழ்வரகு தரும் கொஞ்ச இரும்பையும் தடுத்துவிடும். எலுமிச்சை ஊறுகாயைவிடக் கூழுக்குப் பச்சை மாங்காய்த் துண்டு நல்ல துணை; அதன் வைட்டமின் சி இரும்பு சேர உதவும்.

கம்பிலுள்ள சில ஃபிளேவனாய்டுகள் (இவையும் பாலிஃபீனால் வகைதான்) தைராய்டு சுரப்பியின் வேலையைக் குறுக்கிடக்கூடியவை. சூடானின் டார்ஃபர் பகுதியில் மூன்று வேளையும் கம்பையே நம்பியிருந்த, அயோடினும் பற்றாத ஊர்களில் கழுத்துக் கழலை பரவலாக இருந்ததை வைத்து இது தெரியவந்தது. அயோடின் உப்பு போட்டுச் சமைத்து, கம்பை மற்ற தானியங்களோடு மாற்றி மாற்றி உண்பவர்கள் பயப்பட ஒன்றுமில்லை.

பட்டையில் ஒரு சிக்கல்

கடைகளில் பட்டை என்று பரவலாகக் கிடைக்கும் தடித்த, ஒற்றைச் சுருள் பட்டை காசியா வகை. இலங்கைக் கறுவா மெல்லிய தாள்களைச் சுருட்டியதுபோல அடுக்கடுக்காக இருக்கும், கையால் நொறுக்கலாம். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். கறுவாவில் மிகக் குறைவு. அதிகமானால் கூமரின் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த தினசரி வரம்பு. பிரியாணியில் விழும் இரண்டு துண்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். சர்க்கரை குறையும் என்று தினமும் ஒரு தேக்கரண்டிப் பட்டைத்தூளை வெந்நீரில் கலந்து குடிப்பவர்கள், எந்தப் பட்டை என்று பார்த்தாக வேண்டும்.

'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது'

பாக்கெட்டின் மேல் அதிகம் தென்படும் சொல் இது. உடலில் உருவாகும் வினைத்திறன் மிக்க சில மூலக்கூறுகள் செல்களைச் சேதப்படுத்துகின்றன. தாவரப் பொருட்கள் சோதனைக் குழாயில் அவற்றை அடக்குகின்றன. ஆகவே சாப்பிட்டால் உடலிலும் அடக்கும் என்பது இதன் பின்னுள்ள வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து அதைச் சோதித்தார்கள். காரட்டுக்கு நிறம் தரும் ஆன்டிஆக்ஸிடன்ட்டான பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. 1994-இல் இந்த முடிவு வெளியானபோது ஆய்வாளர்களே திகைத்தார்கள். எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் என்று மதிப்பெண் போட்டு அமெரிக்க வேளாண் துறை வைத்திருந்த அட்டவணையை, அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று சொல்லி 2012-இல் அத்துறையே விலக்கிக்கொண்டது. கிராம்பு முதலிய மசாலாப் பொருட்கள் அதில் முன்வரிசையில் இருந்தன. அந்த எண்கள் இன்னும் விளம்பரங்களில் உலவுகின்றன.

இன்று பலர் வேறு கோணத்தில் யோசிக்கிறார்கள். இவை செடியின் ஆயுதங்கள் என்பதால், சிறிய அளவில் உள்ளே வரும்போது உடல் அவற்றை லேசான நஞ்சாக எடுத்துக்கொண்டு தன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தூண்டுகிறது. கடுகுக் குடும்பத்து ஐசோதயோசயனேட்கள் இப்படிச் செய்வது ஆய்வகங்களில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. இரத்தத்தை எட்டாத பாலிஃபீனால்களையும் தானிய நாரில் பிணைந்திருக்கும் ஃபெரூலிக் அமிலத்தையும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்து வேறு பொருட்களாக்குகின்றன. இந்த இரண்டு வழிகளுக்கும் அளவு சிறியதாகவும், வகை பலவாகவும், தினசரி உணவில் பரவலாகவும் இருப்பதே பொருத்தம். நம் தாளிப்பும் ரசப்பொடியும் இதற்கு ஒத்துப்போகின்றன. 500 மில்லிகிராம் குப்பி ஒத்துப்போவதில்லை.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மஞ்சள், பூண்டு, இஞ்சி மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. 'இயற்கைதானே' என்று மருந்துச் சீட்டில் எழுதாமல் விட்டுவிடுகிறோம். மருத்துவரும் பல நேரம் கேட்பதில்லை.

மற்றவர்களுக்குச் சமையலறையில் செய்யச் சில சின்ன வேலைகள்தான் இருக்கின்றன. டெர்பீன்கள் காற்றில் பறந்துபோகக் கூடியவை. மல்லியையும் சீரகத்தையும் மிளகையும் முழுதாக வாங்கி, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடித்து வையுங்கள். அடுப்புக்கு மேல் அலமாரியில், வெயில் படும் ஜன்னலோரத்தில் மஞ்சள்தூளைக் கண்ணாடிப் புட்டியில் வைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் மல்லித்தூள் டப்பாவைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். மணம் இல்லையென்றால் அது குழம்பைக் கெட்டியாக்க மட்டுமே உதவும்.